மண்டபத்தில் பேஜிங்கும் எமர்ஜென்சி மியூட்டும்: எதை முதலில் இணைப்பது, எதைக் கடைசியில் தொடுவது

ஐந்து இடங்களில் ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் ஒரே ரேக், ஆபீஸ் மேசையில் ஒரு மைக், மாடிப்படி அருகே ஃபயர் அலாரம் பேனல். கொஞ்சம் பெரிய கல்யாண மண்டபம் என்றால் அமைப்பு இப்படித்தான் இருக்கும். ஸ்பீக்கர் மாட்டி பாட்டு ஓட வைப்பதை எல்லோரும் சரியாகவே செய்துவிடுகிறார்கள். தடுமாற்றம் அதற்குப் பிறகுதான். மைக்கை அழுத்தி அறிவித்தால் (இதுதான் பேஜிங்) பாட்டு வழிவிட வேண்டும், அலாரம் அடித்தால் பாட்டு நிற்க வேண்டும் (எமர்ஜென்சி மியூட்), நின்ற பிறகும் மைக் பேச வேண்டும். இந்த மூன்றையும் ஒழுங்காக இணைப்பது எப்படி என்பதுதான் இங்கே.

உதாரணத்துக்கு ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்கிறேன்: மெயின் ஹால், டைனிங் ஹால், அறைகள் இருக்கும் மாடி, வரவேற்புப் பகுதி, பார்க்கிங். மொத்தம் ஐந்து ஜோன், அதாவது தனித்தனியாகச் சத்தம் அனுப்பும் பகுதி. எந்தச் சத்தம் எந்த ஜோனுக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடும் ஒரு மேட்ரிக்ஸ் மிக்ஸர், ஜோனுக்கு ஒரு 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபையர் (பல ஸ்பீக்கரை ஒரே நீளமான லைனில் ஓட்டும் வகை).

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது அலாரத்தின்போது பாட்டை நிறுத்தி வழிவிடும் அமைப்பு மட்டுமே. தீ விபத்தின்போது தானாகப் பேசி ஆட்களை வெளியேற்றும் அமைப்பு வேறு. அதற்கு ஐஎஸ்ஓ 7240-16 அல்லது இஎன் 54-16 சான்று பெற்ற கருவியும், பேட்டரி பேக்கப்பும், ஸ்பீக்கர் லைன் அறுந்தால் தானே சொல்லும் கண்காணிப்பும் வேண்டும். சாதாரண ஆம்ப்ளிஃபையரில் ரிலே (கரன்ட் கொடுத்தால் மாறும் சுவிட்ச்) மாட்டிவிட்டு அதை 'வாய்ஸ் எவாகுவேஷன்' என்று பில்லில் எழுதாதீர்கள்.

## 1. யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று தாளில் எழுதுங்கள்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் மேனேஜரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். மேல் வரிசையில் இருப்பது பேசினால் கீழே இருப்பதெல்லாம் அடங்க வேண்டும். எமர்ஜென்சி முதலில், ஆபீஸ் பேஜிங் இரண்டாவது, பின்னணிப் பாட்டு கடைசி. இதுவரை யாருக்கும் சந்தேகம் வராது.

மேடை மைக் எங்கே வரும் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். பார்க்கிங்கில் ஒரு கார் வழியை மறித்து நிற்கிறது. ஆபீஸில் இருப்பவர் 'ஆல் ஜோன்' பட்டனை அழுத்தி வண்டி நம்பரைச் சொல்கிறார். அந்த நேரம் மேடையில் ஐயர் மாங்கல்ய மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மந்திரம் மியூட் ஆகி, கார் நம்பர் ஹால் முழுக்கக் கேட்கும். வீடியோவிலும் அதுதான் பதிவாகும். எனக்கு ஒருமுறை இப்படி நடந்தது. பெண்ணின் அப்பா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆகவே வழக்கமான ஆபீஸ் பேஜிங் மெயின் ஹாலுக்குப் போகக்கூடாது. 'ஆல்' என்று எழுதியிருக்கும் பட்டனிலும் மெயின் ஹாலைச் சேர்க்காதீர்கள். மெயின் ஹாலில் பேசியே ஆக வேண்டும் என்றால் அதற்குத் தனி பட்டன் வையுங்கள். எமர்ஜென்சி மட்டும் ஐந்து ஜோனுக்கும் போகும், மேடை மைக்கையும் அடக்கும்.

இன்னொரு கேள்வியையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்: அலாரம் வந்து பாட்டு நின்ற பிறகு எந்த மைக் உயிரோடு இருக்க வேண்டும்? இதற்குப் பதில் இல்லாமல் வேலையைத் தொடங்கினால் ஒன்பதாவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

## 2. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 100 வோல்ட் லைனை அளக்கும் இம்பீடன்ஸ் மீட்டர், 24 வோல்ட் டிசி காயிலும் இரண்டு ஜோடி கான்டாக்ட்டும் கொண்ட இரண்டு சேஞ்ச்ஓவர் ரிலே, அவற்றுக்கான சாக்கெட், 1என்4007 டயோடு நான்கைந்து, 24 வோல்ட் 1 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை, கேபிளில் ஒட்டும் நம்பர் லேபிள். லேபிளை விளையாட்டாக நினைக்காதீர்கள். ரேக்குக்குப் பின்னால் ஒரே மாதிரி இருபது கறுப்பு கேபிள் தொங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

மிக்ஸரின் மேனுவலில் மூன்று விஷயத்தைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். மியூட் டெர்மினலை ஷார்ட் செய்தால் மியூட் ஆகுமா, திறந்தால் ஆகுமா? அந்த மியூட் பாட்டை மட்டும் அடக்குமா, எல்லாவற்றையும் அடக்குமா? மியூட்டில் இருக்கும்போது பேஜிங் வெளியே வருமா? மேனுவலில் தெளிவாக இல்லையென்றால் மேசை மேல் வைத்து, ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. ஏணி மேல் நின்றுகொண்டு கண்டுபிடிப்பதைவிட நல்லது.

## 3. ஸ்பீக்கர் லைனை அளங்கள்

பேஜிங் இணைத்த பிறகு ஆம்ப்ளிஃபையர் கட் ஆனால் எல்லோரும் பேஜிங்கைத்தான் குறை சொல்வார்கள். காரணம் பல நேரம் ஏற்கெனவே ஓவர்லோடில் இருந்த லைன்தான். மெல்லிய பாட்டில் அது தெரியாது. உரக்கப் பேசும் மைக்கில் வெளிப்பட்டுவிடும்.

கணக்கு எளிது. ஸ்பீக்கர்களின் டேப் வாட்டை (ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மரில் தேர்ந்தெடுத்த வாட்) கூட்டுங்கள், அது ஆம்ப்ளிஃபையர் வாட்டில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டைனிங் ஹாலில் 6 வாட் டேப்பில் 12 சீலிங் ஸ்பீக்கர் என்றால் 72 வாட். 120 வாட் ஆம்ப்ளிஃபையர் போதும். மெயின் ஹாலில் 20 வாட்டில் 8 காலம் (தூண் வடிவ) ஸ்பீக்கர் என்றால் 160 வாட், 240 வாட் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு லைன் காட்டும் தடை) எவ்வளவு வர வேண்டும்? 10,000-ஐ மொத்த வாட்டால் வகுங்கள். 72 வாட்டுக்கு சுமார் 139 ஓம். 160 வாட்டுக்கு 62.5 ஓம். மீட்டரில் இதைவிட நிறையக் குறைவாகக் காட்டினால் எங்கோ ஒரு ஸ்பீக்கர் தவறான டேப்பில் இருக்கிறது, அல்லது யாரோ 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக லைனில் மாட்டியிருக்கிறார்கள்.

இதைச் சாதாரண மல்டிமீட்டரில் பார்த்துப் பயந்துபோகும் புதியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மல்டிமீட்டர் காட்டுவது டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டும். அது குறைவாகத்தான் இருக்கும், ஷார்ட் இல்லை. இம்பீடன்ஸ் மீட்டர் ஏசி சிக்னல் கொடுத்து அளப்பதால் அதன் கணக்குதான் செல்லும்.

## 4. கேபிள்களைப் பிரித்து ஓட்டுங்கள்

மைக் கேபிளில் ஓடுவது மில்லிவோல்ட். பக்கத்தில் ஸ்பீக்கர் லைனில் 100 வோல்ட் வரை ஓடும். இரண்டையும் ஒரே பைப்பில் இழுத்தால் ஸ்பீக்கர் சிக்னல் மைக் வயருக்குள் கசிந்து, மறுபடி பெருகி, ஆம்ப்ளிஃபையர் கீச்சிட ஆரம்பிக்கும். காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசையிலும் இது நடக்கலாம். அப்போது சத்தமே இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் சூடாகிக்கொண்டிருக்கும்.

மைக்குக்கு ஷீல்டு போட்ட கேபிள், தனி பைப். ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் இரண்டு கோர். கன்ட்ரோல் வயருக்கு 0.75 போதும். கரன்ட் லைனோடு குறுக்கே போக வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடந்து போங்கள், பக்கத்தில் படுத்து ஓடக்கூடாது.

ஃபயர் பேனலிலிருந்து வரும் வயர் இவை எதனோடும் சேராது. அதற்குத் தனி வழி, தனி நிறம்.

## 5. பேஜிங் மைக்: முதலில் குரல் மட்டும்

கான்டாக்ட், பட்டன் எதையும் இணைக்காமல் குரலை மட்டும் முதலில் சரி செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டுச் சத்தம் வரவில்லை என்றால் கோளாறு குரல் பாதையிலா, கன்ட்ரோல் பாதையிலா என்று தேடியே அரை நாள் போய்விடும்.

எக்ஸ்எல்ஆர் கனெக்டரில் 1 ஷீல்டு, 2 ஹாட் (பிளஸ் சிக்னல்), 3 கோல்ட் (எதிர் சிக்னல்). ஆபீஸிலிருந்து ரேக் வரை பேலன்ஸ்டாகவே, அதாவது மூன்றும் தனித்தனியாகவே வர வேண்டும். நடுவில் யாராவது 3-ஐயும் 1-ஐயும் இணைத்து மோனோ ஜாக் போட்டிருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். மைக் ஸ்டேஷன் வேறு பிளக்கில் கரன்ட் எடுத்து லைன் லெவல் கொடுக்கும் வகை என்றால் கிரவுண்டு லூப் (இரண்டு எர்த் வழியாக இரைச்சல் சுற்றுவது) வரலாம். ஷீல்டை வெட்டி விளையாடுவதைவிட 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எக்காரணம் கொண்டும் பவர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்.

பேஜிங் சானலில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேச்சு புரிவதற்கு அந்தக் கீழ் ஒலி தேவையில்லை. லைன் டிரான்ஸ்ஃபார்மர்கள் திணறுவதும் அதில்தான். மைக்கை உதட்டில் ஒட்டிப் பேசும் மேனேஜர்களுக்கும் இது ஒரு பாதுகாப்பு.

## 6. கான்டாக்ட்டும் ஜோன் பட்டனும்

இப்போது மைக்கின் பேசும் பட்டனை மிக்ஸரில் பேஜிங்குக்கு முன்னுரிமை கொடுக்கும் பிரையாரிட்டி டெர்மினலுக்கு இணைக்கலாம். இது டிரை கான்டாக்ட், அதாவது வோல்டேஜ் எதையும் அனுப்பாத வெறும் சுவிட்ச். இணைக்கும் முன் மீட்டரை வைத்து வோல்டேஜ் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். சில மைக் ஸ்டேஷன் 12 அல்லது 24 வோல்ட்டை அனுப்பும். அதை நேராக மிக்ஸரில் கொடுத்தால் அந்த இன்புட் போய்விடும். நடுவில் ஒரு ரிலே போட வேண்டும்.

பல மிக்ஸரில் கான்டாக்ட் இல்லாமலே, குரல் வந்ததும் தானாகப் பாட்டைக் குறைக்கும் வசதியும் இருக்கிறது. வயர் மிச்சம் என்று புதியவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அணைத்து வைத்துவிடுவேன். குரல் வந்த பிறகுதான் கதவு திறக்கும் என்பதால் முதல் அசை விழுந்துவிடும். வண்டி நம்பரில் முதல் எழுத்து விழுந்தால் அந்த அறிவிப்பே வீண். அது போக, ஆபீஸில் யாராவது கதவைச் சாத்தினாலும் டைனிங் ஹாலில் பாட்டு குறையும்.

மைக் இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஆபீஸ் கதவுக்கு வெளியே வரவேற்புப் பகுதி ஸ்பீக்கர் தொங்கினால் பேசும்போது ஊளையிடும். அந்த ஒரு ஸ்பீக்கரின் டேப்பைக் குறையுங்கள், அல்லது அதை லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். மொத்த பேஜிங் லெவலையும் குறைப்பது தீர்வு இல்லை, அப்புறம் பார்க்கிங்கில் கேட்காது.

## 7. சுவர் வால்யூமைத் தாண்டிப் போகும் வழி

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மாடி அறைகளில் சுவரில் ஒரு வால்யூம் குமிழ் இருக்கும். மணப்பெண் அறையில் மேக்கப் நடக்கும்போது யாராவது அதைப் பூஜ்யத்துக்குத் திருகிவிடுவார்கள். அது 100 வோல்ட் லைனிலேயே உட்கார்ந்திருப்பதால், நீங்கள் ரேக்கில் எவ்வளவு கூட்டினாலும் அந்த அறையில் ஒரு சத்தமும் வராது. எமர்ஜென்சி அறிவிப்பும் வராது.

தீர்வு, ஓவர்ரைடு ரிலே உள்ள வால்யூம் கன்ட்ரோல். அதற்கு ஸ்பீக்கர் வயரோடு 24 வோல்ட் ஜோடி ஒன்றும் போக வேண்டும். பேஜிங் வரும்போது அந்த ஜோடியில் 24 வோல்ட் ஏறும், உள்ளே ரிலே இழுத்துக் குமிழைச் சுற்றிக்கொண்டு முழுச் சத்தத்தையும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். கட்டட வேலை நடக்கும்போதே இந்த ஜோடியை இழுத்துவிட்டால் செலவு சொற்பம். பெயின்ட் அடித்த பிறகு என்றால் மேனேஜரோடு சண்டைதான்.

ரிலே ஒவ்வொன்றும் எவ்வளவு கரன்ட் எடுக்கும் என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். 20 மில்லிஆம்பியர் என்றால் 12 அறைக்கு 240 மில்லிஆம்பியர். 0.75 வயர் 60 மீட்டர் ஓடினால் போகவர சேர்த்து சுமார் 3 ஓம், இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. 1 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் தாராளம். சப்ளையின் வோல்டேஜை கடைசி அறையில் அளங்கள், ரேக்கில் அளந்து திருப்திப்படாதீர்கள்.

இந்த 24 வோல்ட் இரண்டு காரணத்தால் ஏற வேண்டும்: பேஜிங் வந்தாலும், எமர்ஜென்சி வந்தாலும். இரண்டு கான்டாக்ட்டையும் இணையாகப் போட்டால் எது மூடினாலும் வேலை நடக்கும். பேஜிங்குக்கு மட்டும் இணைத்துவிட்டு எமர்ஜென்சியை மறப்பது வழக்கமான தவறு.

## 8. எவ்வளவு குறைய வேண்டும், எப்போது திரும்ப வேண்டும்

பேஜிங்கின்போது பாட்டை முழுக்க நிறுத்துவதா, குறைப்பதா? டைனிங் ஹாலில் நான் 20 டெசிபல் குறைப்பேன். பந்தி நடக்கும் இடத்தில் பாட்டு சட்டென்று அறுந்தால் எல்லோரும் தலை நிமிர்ந்து கரன்ட் போய்விட்டதா என்று பார்க்கிறார்கள். பார்க்கிங்கில் முழு மியூட்.

குறைவது உடனே நடக்க வேண்டும், திரும்புவது மெதுவாக. பட்டனை விட்ட பின் ஒரு வினாடி பொறுத்து, இரண்டு வினாடியில் பாட்டு பழைய நிலைக்கு ஏறினால் காதுக்கு இதமாக இருக்கும். திரும்பும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், பட்டனை விட்டு விட்டு அழுத்துபவரின் கையில் பாட்டு ஏறி இறங்கிக் கோமாளித்தனமாக இருக்கும்.

பேச்சுக்கு முன் மணி ஒலி வைத்திருந்தால், அது முடியும் வரை மைக் மூடியிருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் ஆபீஸ்காரர் அழுத்தியதுமே பேசி, பாதி வாக்கியம் மணிக்குள் போய்விடும். மைக் அடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "அழுத்தவும். மணி முடிந்ததும் பேசவும்."

## 9. ஃபயர் பேனலிலிருந்து மியூட்

இதுவரை செய்தது தவறினால் எரிச்சல். இங்கே தவறினால் ஆபத்து. மெதுவாகப் போவோம்.

பேனலுக்குள் நீங்கள் கை வைக்காதீர்கள். ஃபயர் சிஸ்டம் போட்டவரை வரச் சொல்லுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: பொது அலாரம் வந்தால் மாறும் டிரை கான்டாக்ட் ஒன்று, ஹூட்டரை (அலாரம் ஒலிப்பானை) சைலன்ஸ் செய்தாலும் மாறாமல், பேனலை ரீசெட் செய்தால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பும்படி. சைலன்ஸோடு சேர்ந்து அதுவும் திரும்பினால், ஹூட்டர் நின்ற அந்த நொடியில் நாதஸ்வர சிடி பாட ஆரம்பிக்கும். ஆட்கள் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்து மறுபடி உட்காருவார்கள்.

பேனலில் ஃபால்ட் ரிலே என்று இன்னொன்றும் இருக்கும். அது சாதாரண நேரத்தில் இழுத்த நிலையில் இருந்து, கோளாறு அல்லது கரன்ட் இல்லாதபோது விடும். பக்கத்துப் பக்கத்து டெர்மினல் என்பதால் மாற்றி இணைத்துவிடுகிறார்கள். ஹூட்டர் வயரில் ஒரு ரிலேயைத் தொங்கவிடும் குறுக்கு வழியும் வேண்டாம். பேனல் அந்த வயரை அதன் நுனியில் இருக்கும் ரெசிஸ்டர் வழியாகக் கண்காணித்துக்கொண்டே இருக்கும், உங்கள் காயில் அதில் ஏறினால் ஃபால்ட் காட்டும்.

சரி, கான்டாக்ட் கிடைத்துவிட்டது. எளிய வழி, பேனலின் காமனையும் என்.ஓ.வையும் மிக்ஸர் மியூட்டில் கொண்டுபோய் இணைப்பது (காமன் பொது முனை, காயிலில் கரன்ட் இல்லாதபோது திறந்திருப்பது என்.ஓ., மூடியிருப்பது என்.சி.). அலாரம் வந்தால் மூடும், மியூட் ஆகும். சோதித்தால் சரியாகவே வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து பெயின்டர் அந்த வயரை அறுத்துவிட்டால்? எதுவும் தெரியாது. பாட்டு வழக்கம்போல ஓடும். தெரியவரும் நாள் தீப்பிடித்த நாளாக இருக்கும்.

அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். ரேக்குக்குள் ஒரு 24 வோல்ட் ரிலே வையுங்கள். பேனலின் பேட்டரி பேக்கப் உள்ள 24 வோல்ட், பேனல் கான்டாக்ட்டின் என்.சி. வழியாக வந்து இந்த ரிலேயை எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கட்டும். அலாரம் வந்தால் என்.சி. திறக்கும், ரிலே விடும். ஷார்ட் செய்தால் மியூட் ஆகும் மிக்ஸர் என்றால், ரேக் ரிலேயின் என்.சி. கான்டாக்ட்டை மிக்ஸர் மியூட்டுக்குக் கொடுங்கள். ரிலே விட்டதும் அது மூடி மியூட் ஆகும்.

இப்போது வயர் அறுந்தாலும், காயில் எரிந்தாலும், 24 வோல்ட் போனாலும் ரிலே விடும், பாட்டு நிற்கும். பாட்டு நின்றால் மேனேஜர் ஐந்து நிமிடத்தில் போன் போடுவார். அந்த போன்தான் உங்கள் கண்காணிப்பு அமைப்பு. ரிலேக்கும் மிக்ஸருக்கும் இடையே உள்ள வயர் மட்டும் இந்தக் காவலில் வராது. அதனால்தான் ரிலே மிக்ஸர் பக்கத்திலேயே, ஒரு ஜாண் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

புதியவர்கள் இங்கே குழம்புவது லேபிளில். ரிலே மேல் எழுதியிருக்கும் என்.சி., என்.ஓ. எல்லாம் காயிலுக்குக் கரன்ட் இல்லாத நிலையைக் குறிப்பவை. நம் ரிலே எப்போதும் கரன்டோடு இருக்கிறது. ஆகவே மண்டபம் சாதாரணமாக நடக்கும்போது என்.சி. திறந்திருக்கும், என்.ஓ. மூடியிருக்கும். தாளில் 'சாதாரணம்', 'அலாரம்' என்று இரண்டு படம் வரைந்து ரேக் கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார்.

காயில் மேல் 1என்4007 டயோடைப் போடுங்கள், கோடு போட்ட பக்கம் பிளஸ். ரிலே விடும்போது காயிலிலிருந்து எழும் எதிர் வோல்டேஜ் பேனல் கான்டாக்ட்டைச் சுடாமல் இது காக்கும். திருப்பிப் போட்டால் 24 வோல்ட் ஷார்ட் ஆகும். இணைத்த பின் பார்க்காதீர்கள், முன்னால் பாருங்கள்.

காயில் எடுக்கும் கரன்டைப் பேனல்காரரிடம் சொல்லுங்கள். 37 மில்லிஆம்பியர் என்றால் 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.9 ஆம்பியர் அவர். அவர் பேட்டரிக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும். பேனலின் 24 வோல்ட் மைனஸை ஆடியோ கிரவுண்டோடு எங்கும் சேர்க்காதீர்கள், பேனல் எர்த் ஃபால்ட் என்று கத்தும். ரிலேயின் காயிலும் கான்டாக்ட்டும் தனித்தனியாக இருப்பதால் இந்தப் பிரிவு தானாகவே கிடைக்கிறது. அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

இனி அந்த முதல் தாளை எடுங்கள். ஒரு மண்டபத்தில் என் கூட வேலை செய்த தம்பி பேனலில் டெஸ்ட் போட்டுப் பார்த்தான். பாட்டு நின்றது. "அண்ணே, மியூட் ஆகுது, முடிஞ்சுது" என்று கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தான். மைக்கை அழுத்திப் பேசிப் பார் என்றேன். ஒரு ஜோனிலும் சத்தமில்லை. அந்த மிக்ஸரின் மியூட் டெர்மினல் மாஸ்டர் மியூட். பாட்டோடு சேர்த்து பேஜிங்கையும் கொன்றுவிட்டது. தீ என்றால் செக்யூரிட்டி எந்த மைக்கில் கத்துவார்?

உங்கள் மிக்ஸரும் அப்படியென்றால் மியூட் டெர்மினலைத் தொடாதீர்கள். பாட்டு வரும் வயரிலேயே ரிலேயை வையுங்கள். நம் சேஞ்ச்ஓவர் ரிலேயில் இரண்டு ஜோடி இருப்பதால் இடது வலது இரண்டுக்கும் ஆகும். மிக்ஸர் இன்புட் காமனில், பாட்டு என்.ஓ.வில், என்.சி.யை ஷீல்டில். ரிலே பிடித்திருக்கும் வரை பாட்டு போகும். விட்டதும் இன்புட் ஷீல்டோடு ஷார்ட் ஆகி முழு அமைதி. என்.சி.யை வெறுமனே விட்டால் அந்த இன்புட் காற்றில் தொங்கி இரைச்சல் எடுக்கும், அதையும் பார்த்திருக்கிறேன். மேடை மைக்குகள் மிக்ஸரில் வேறு இன்புட்டில் வருவதால் அவற்றுக்கும் இதேபோல் இரண்டாவது ரிலே. இரண்டின் காயிலையும் இணையாகப் போடுங்கள், பேட்டரிக் கணக்கும் இரட்டிப்பாகும். ஓவர்ரைடு 24 வோல்ட்டுக்கு இன்னொரு ஜோடி கான்டாக்ட் வேண்டும் என்பதால் நான்கு ஜோடி ரிலேயாக ஒன்றை வாங்கிவிடுவது வசதி.

## 10. மேடையில் வெளி ஆட்களின் சவுண்ட்

மேலே உள்ள எல்லாவற்றையும் அப்பழுக்கில்லாமல் செய்திருப்பீர்கள். ரிசப்ஷன் அன்று மெல்லிசைக் குழு தங்கள் சொந்த மிக்ஸர், சொந்த ஸ்பீக்கரோடு வரும். அல்லது டிஜே வருவார். அவர்கள் சிஸ்டத்துக்கும் உங்கள் மியூட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மண்டபத்திலேயே அதிகச் சத்தம் அங்கிருந்துதான், ஹூட்டர் அதன் கீழ் மூழ்கிவிடும். ஹூட்டர் சத்தம் 65 டெசிபல், அல்லது சுற்றுச் சத்தத்தைவிட 5 டெசிபல் கூடுதலாக, இரண்டில் எது அதிகமோ அது என்பது வழக்கமான அளவு. டிஜே முன்னால் அதற்கு வாய்ப்பே இல்லை.

வழி ஒன்றுதான். வெளி ஆட்கள் சவுண்டுக்குக் கரன்ட் எடுக்கும் மேடை சாக்கெட்டுகளைத் தனி சர்க்யூட்டாக்கி, அதில் ஒரு கான்டாக்டர் (பெரிய கரன்டைத் தாங்கும் ரிலே) வைத்து, அலாரம் வந்தால் விடும்படி செய்ய வேண்டும். இது 230 வோல்ட் வேலை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். மேடை விளக்குகள் அந்த சர்க்யூட்டில் கட்டாயம் இருக்கக்கூடாது. ஆட்களை இருட்டில் ஓட விட்டால் தீயைவிடப் பெரிய விபத்து. சாக்கெட் மேல் 'சவுண்ட் மட்டும்' என்று எழுதுங்கள். சவுண்ட்காரர் வேறு சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் இழுக்காமல் பார்ப்பது மேனேஜரின் வேலை. நீங்கள் சொல்லிவிட்டதற்கு எழுத்தில் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

தவிலுக்கு மியூட் கிடையாது. கெட்டிமேளம் கொட்டும்போது ஹூட்டர் அடித்தால் மேடைப் பக்கம் யாருக்கும் கேட்காது. அங்கே மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு வைக்கச் சொல்லிப் பேனல்காரரிடம் கேளுங்கள்.

## 11. சோதனை, இந்த வரிசையில்

பாட்டு எல்லா ஜோனிலும் ஓடட்டும். ஒருவர் ரேக்கில், ஒருவர் ஜோனில். பேஜிங் முதலில்: ஜோன் ஒவ்வொன்றாக அழுத்தி, சரியான இடத்தில் மட்டும் கேட்கிறதா, மெயின் ஹாலில் பேஜிங் கேட்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாடி அறைக் குமிழ் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து மறுபடி.

அடுத்து அலாரம். பேனல்காரர் இருக்கும்போது, மண்டபம் காலியாக இருக்கும் நாளில். பாட்டு நிற்க வேண்டும், மேடை மைக் அடங்க வேண்டும், முதல் தாளில் எமர்ஜென்சிக்கு என்று குறித்த மைக் ஐந்து ஜோனிலும் கேட்க வேண்டும். சைலன்ஸ் அழுத்திப் பாட்டு திரும்பவில்லை என்று பாருங்கள். ரீசெட் அழுத்தித் திரும்புகிறது என்று பாருங்கள். பிறகு ரேக் ரிலேக்கு வரும் வயரைக் கழற்றுங்கள். பாட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஒன்பதாவது படியை மறுபடி படியுங்கள்.

கடைசியாக மெயின் பவரை அணைத்து ஜெனரேட்டருக்கு மாற்றுங்கள். இடைப்பட்ட வினாடிகளில் மிக்ஸர் அணைந்து எழுந்தால், எழும்போது ஜோன் செட்டிங் எல்லாம் பழையபடி வருகிறதா? வராத மிக்ஸர்கள் உண்டு. மிக்ஸருக்கும் ஓவர்ரைடு எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆம்ப்ளிஃபையர்கள் அணைந்தால், அந்த இடைவெளியில் எமர்ஜென்சி மைக்கும் வேலை செய்யாது என்பதை மேனேஜரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லெவலை மட்டும் காலி மண்டபத்தில் முடிவு செய்யாதீர்கள். காலி ஹாலில் காதைப் பிளக்கும் பேஜிங், பந்தியில் இலை போடும் சத்தத்துக்கும் குழந்தைகள் கூச்சலுக்கும் நடுவே முணுமுணுப்பாகிவிடும். முதல் கல்யாணத்தன்று மதியப் பந்திக்குப் போய் நில்லுங்கள். பேச்சு சுற்றுச் சத்தத்தைவிட 10 டெசிபலாவது மேலே நிற்கும்படி ஏற்றுங்கள். சாப்பாடும் கிடைக்கும்.